ஆதிலட்சுமிக்கு வைத்த கண்

எல்லப்பன் கொண்டுவந்த போனில் அவன் மனைவியின் படம் என்று ஒன்றுதான் தேறியது. அதுவும் யாருடைய குழந்தைக்கோ காது குத்தியபோது எடுத்த கூட்டப் படம். பின் வரிசையில் இரண்டு தோள்களுக்கு நடுவே, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஆதிலட்சுமி நின்றிருந்தாள். சுகிர்தா அதைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினாள். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாகச் சில சதுரங்கள் மட்டும் இருந்தன.

"வேற படம் இல்லையா?"

"ஆதார் கீது மேடம்."

அவன் நீட்டியது அட்டை அல்ல, அட்டையின் ஜெராக்ஸ். அசல் அட்டை ஆஸ்பத்திரியில் எங்கோ தொலைந்துவிட்டது. ஜெராக்ஸில் ஒரு கறுப்புத் திட்டும் அதன் மேல் ஒரு வகிடும் தெரிந்தன.

"கல்யாண ஆல்பம்?"

"செய்யாத்து தண்ணி வூட்டுக்குள்ள பூந்துச்சே, அப்ப நனைஞ்சி போச்சி. பக்கம் பக்கமா ஒட்டிக்கிச்சி. பிரிச்சா மூஞ்சி பேந்துகினு வருது."

எல்லப்பன் மாகறலில் நெல் அறுக்கும் வண்டி ஓட்டுபவன். சின்னப் பெண் குழந்தை ஒன்றை விட்டுவிட்டு, மஞ்சள் காமாலை முற்றி அவன் மனைவி இறந்திருந்தாள். கருமாதிக்குச் சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்று மாமியார் சொல்லியனுப்பியிருந்தார்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் புருஷோத்தமனின் ஸ்டுடியோவில் சுகிர்தா கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை செய்கிறாள். விசேஷங்களுக்குப் போய்ப் படம் எடுப்பது புருஷோத்தமன். அதை வெட்டி ஒட்டி நிறம் கூட்டி ஆல்பமாக்குவது சுகிர்தா. அன்று அவன் கடையில்தான் இருந்தான். கூட்டப் படத்தைத் தன் போனில் வாங்கி, செயற்கை நுண்ணறிவு ஆப் ஒன்றில் போட்டான். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, மெழுகு பூசிய மாதிரி வெள்ளையாக ஒரு பெண் வந்து நின்றாள்.

எல்லப்பன் எட்டிப் பார்த்தான். "யாரு சார் இது? நகைக்கடை விளம்பரத்துல வர பொண்ணு மாரி கீது."

"ஆப்பு அப்டித்தான்டா. நம்ம ஊர் மூஞ்சி அதுக்குத் தெரியாது. வுடு, ஆயில் பெயிண்டிங் போட்டுரலாம். ஐயர் வூட்லலாம் மாட்டி வெச்சிகீறாங்களே, அந்த மாரி."

எல்லப்பனின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. ஆயில் பெயிண்டிங் என்றால் வசதியானவர்கள் செய்துகொள்வது என்று ஊரில் ஒரு நினைப்பு இருந்தது. கடைக்குள் அதன் கதை வேறு. படம் நன்றாக இருந்தால் அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். போட்டோ என்று காட்ட முடியாத அளவுக்கு மோசமாக இருந்தால்தான் ஆயில் பெயிண்டிங். போட்டோவில் மூக்கின் ஓரம் தெரியாவிட்டால் அது குறை. அதே இடத்தில் பிரஷ் இழுத்த தடம் இருந்தால் அது கலை. இல்லாததை மறைக்க அதைப்போல ஒரு வழி கிடையாது.

"இவங்க ஜாடையில யாராச்சும் இருக்காங்களா? அக்கா, தங்கச்சி?" என்று சுகிர்தா கேட்டாள்.

எல்லப்பன் போனைத் தள்ளித் தள்ளித் தேடினான். கம்பெனி கேண்டீனில் தானே எடுத்துக்கொண்ட படத்தில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தெளிவான படம். கண்மணிகளில் கூரை விளக்குகூடத் தெரிந்தது.

"எம் மச்சினிச்சி. திவ்யா. ஒரகடத்துல கம்பெனியில கீது. ரெண்டு பேரும் ஒரே ஜாடைன்னு சொல்லுவாங்க."

"இதையும் அனுப்புங்க. பாத்துப் போடறேன்."

பார்த்துப் போடுகிறேன் என்றால் பார்த்து வரைகிறேன் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். சுகிர்தாவும் அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் மதியம் வரைக்கும் வரைந்தும் பார்த்தாள். அவள் வரைந்த கண்கள் துணிக்கடைப் பொம்மையின் கண்களாகவே வந்தன. கருமாதி நெருங்கிவிட்டது. வேறு இரண்டு கல்யாண ஆல்பங்களும் காத்திருந்தன. திவ்யாவின் கண்களை இமையோடும் புருவத்தோடும் வெட்டி எடுத்து ஆதிலட்சுமியின் முகத்தில் வைத்தாள். கொஞ்சம் கறுப்பாக்கினாள். பட்டுப்புடவையும் அட்டிகையும் போட்ட ஓர் உடம்பைக் கடையின் கோப்பிலிருந்து எடுத்துக் கழுத்துக்குக் கீழே பொருத்தினாள். பிறகு கணினியிலேயே எண்ணெய் வண்ணத்தை ஏற்றினாள். கன்னத்தின் வளைவோடு பிரஷ்ஷை இழுக்க இழுக்க ஒட்டுப்போட்ட ஓரங்களெல்லாம் கரைந்தன. தலைமுடியைக் கையாலேயே இழை இழையாக இழுத்தாள். கித்தான் துணியில் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டபோது, தெருவில் போன ஒருவர் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனார். சுகிர்தாவுக்குப் பெருமையாகவே இருந்தது.

எல்லப்பன் படத்தை வாங்க வந்து, அதன் எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"நல்லா கீதா?"

"நல்லா கீது மேடம்" என்றான். துண்டால் படத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

கருமாதிக்குப் போய்வந்த புருஷோத்தமன்தான் மீதியைச் சொன்னான். "படத்துக்குத்தாம்மா கூட்டம். அந்த மாமியாக்காரி சொக்கம்மா கீதே, அது முன்னாடி குந்துனது எழுந்திருக்கவே இல்ல. உசுரோட இருந்தப்ப ஒரு குண்டுமணி தங்கம் போட்டுப் பாக்கல, இப்ப கழுத்து நெறைய கீதேன்னு ஒரே அழுவை. ஐயங்கார்குளத்துலேர்ந்து வந்த ஆளுங்க ரெண்டு பேரு அங்கியே ஆர்டர் சொல்லிட்டாங்க. கைய குடு."

அவள் கையைக் கொடுத்தாள். யாரும் கண்ணைப் பற்றிக் கேட்டார்களா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

கேட்க வந்தவள் திவ்யாதான்.

ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்ற சத்தத்துக்குப் பிறகு, நீலச் சட்டைமேல் துப்பட்டா போட்ட ஒரு பெண் கடைப் படியேறினாள். சிரிக்காதபோதும் அந்தக் கண்களைச் சுகிர்தாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஒட்டிய இடம் தெரியக்கூடாது என்று அந்த இமையோரத்தில் அவ்வளவு நேரம் வேலை செய்திருந்தாள். உள்ளே ஐயங்கார்குளத்துக்காரர்கள் தங்கள் அப்பாவின் படத்தைக் கொடுத்துவிட்டுப் புருஷோத்தமனோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஆதிலட்சுமி படம் போட்டது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அதுல கீறது என் கண்ணு. நீங்க வெச்சதுதானே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் புருஷோத்தமன் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினான். வாடிக்கையாளர்களும் திரும்பினார்கள். சுகிர்தாவின் கை மவுஸின் மேலேயே இருந்தது.

"ஏம்மா கேக்கற?"

"எங்கம்மா இன்னா சொல்லுது தெரியுமா? அக்கா என் கண்ணால பாக்குதாம். கொயந்தைய என் கையில ஒப்படைக்கத்தான் அப்டி வந்துகீதாம். மாமாவ நான் கட்டிக்கணுமாம். நான் முடியாதுன்னேன். ஸ்டுடியோல என் போட்டோவ வெட்டி ஒட்டிக்கீறாங்கன்னு சொன்னேன். எங்க நைனா, போயி கேட்டுகினு வா, அவங்க ஒட்டுனேன்னு சொன்னா இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்னு சொல்லிச்சி. அதான் வந்தேன்."

புருஷோத்தமன் முந்திக்கொண்டான். "இன்னாம்மா இது? செத்தவங்க படத்துல உசுரோட கீறவங்க கண்ண எவனாச்சும் வெப்பானா? மாலை போடற படம்மா அது. நாங்க தொழில் பண்றமா, இல்ல செய்வினை வெக்கறமா?"

ஐயங்கார்குளத்துக்காரர்களில் பெரியவர் தன் அப்பாவின் படத்தை மேசையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

திவ்யா அவர்களைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்கக்கா."

சுகிர்தா சொன்னாள்: "அக்கா தங்கச்சின்னா அப்படித்தான் வரும்மா. சாஃப்ட்வேரே எடுத்துக்கும். நான் எதுவும் வைக்கல."

சொல்லும்போதே, இதை அப்புறம் எப்படியும் சரிசெய்துவிடலாம் என்று ஓர் எண்ணமும் இருந்தது. இந்தப் பெரியவர் போகட்டும், படியிறங்கி அவளைப் பிடித்துவிடலாம்.

திவ்யா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரிக்கா. நான்தான் தப்பா நெனச்சிகினேன் போல" என்றாள். படியிறங்கிப் போனாள். பெரியவர் படத்தை மறுபடி மேசைமேல் வைத்து, அப்பாவுக்கு மீசை இன்னும் கொஞ்சம் முறுக்கி இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லி முடித்தபோது தெருவில் திவ்யா இல்லை.

அதற்குப் பிறகு வந்த வேலைகளில் சுகிர்தா ஒரு காதையோ ஒரு பொத்தானையோகூட எடுத்து வைக்கும் முன் நிறுத்தினாள். யாருடையது என்று கேட்டாள். வந்தவர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாஸ்டர் பொய்ச்சாட்சியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அறுப்பின் காணிக்கையைப் பற்றித்தான் பேசினார். ஆனாலும் அவளுக்குத் தன்னைத்தான் பேசுகிறார் என்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கணவன் சாம்சனிடம் சொன்னாள். அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே, "கல்யாணம் வேணாம்னா அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டுப் போவுது. வேணும் வேணாம்னு சொல்றது நீயா? உனக்கு இன்னா அதுல?" என்றான். அது கேட்க நன்றாக இருந்தது. அன்று மாலை வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். மாகறலில் இறங்கிச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவதாகத் திட்டம். கண்டக்டர் வருவதற்குள் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். நான் பொய் சொன்னேன் என்பதைத் தவிர வேறு எப்படிச் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாக வந்தது. பஸ் புறப்படும் முன்பே இறங்கிவிட்டாள்.

"இன்னும் அதையே நெனச்சிகினு கீறியா?" என்றான் புருஷோத்தமன். "கஸ்டமர் சந்தோசமா கீறான். படம் நல்லா கீது. நீ எதுக்கு பேஜார் பண்ணிக்கிற? நாம மட்டுமா செய்யறோம், காஞ்சிபுரம் போயி பாரு. ஒரே பட்டுப்பொடவ ஒடம்ப ஊரு பூரா மாட்டி வெச்சிகீறானுங்க. அந்த ஒடம்புக்காரி யாருன்னு எவனாச்சும் கேட்டானா?"

"உடம்பு வேற அண்ணா."

"இன்னா வேற?"

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு முனிரத்தினம் வந்தார். திவ்யாவின் அப்பா. மொபெட்டைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேலை தேடி வந்தவர் மாதிரி வாசலிலேயே கும்பிட்டார்.

"நம்ம பொண்ணு படம் போட்டுக் குடுத்தீங்களே, அந்த வூடு. இப்ப ஒரு நல்ல காரியம். பேனர் ஒண்ணு போடணும்."

"யாருக்குங்க ஐயா?"

"சின்னதுக்குத்தான். நம்ம மாப்ளைக்கே குடுக்கறோம். முருகன் கோயில்ல தாலி கட்டி வூட்டோட சாப்பாடு. பெருசா ஒண்ணியும் இல்ல. பேனர் மட்டும் வெக்கலாம்னு."

"திவ்யா ஒத்துக்கிட்டாங்களா?"

"மொதல்ல குதிச்சா. அப்பறம் உங்களையே போயி கேளுன்னு நான்தான் அனுப்பினேன். நீங்க வெக்கலன்னு சொன்னீங்களாம். வந்தவ ஒரு வார்த்த பேசல. நானும், பாத்தியா, உங்க அக்காதான் கேக்கறான்னேன். சரி நைனான்னுட்டா. வேலையவும் வுட்டு நிறுத்திட்டோம். கொயந்தைய யாரு பாக்கறது? மாடு வேற கீது."

புருஷோத்தமன் அன்று செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தான். கடையில் அவளும் முனிரத்தினமும்தான்.

பேனர் எப்படி வர வேண்டும் என்பதை அவர் யோசித்து வைத்திருந்தார். மேலே நடுவில் ஆதிலட்சுமி, அதே ஆயில் பெயிண்டிங்கில், பின்னால் வெளிச்சம் வருகிற மாதிரி. 'ஆசியுடன்' என்று எழுத வேண்டும். கீழே மாப்பிள்ளையும் பொண்ணும். "திவ்யாவையும் அதே மாரி பெயிண்டிங் ஆக்கிடும்மா. அக்கா பெயிண்டிங்ல, தங்கச்சி போட்டோல இருந்தா நல்லா இருக்காது. இந்தா, அவ போட்டோ. சிரிச்சிகினு கீறது இது ஒண்ணுதான்."

அவர் போனில் காட்டியது கம்பெனி கேண்டீனில் எடுத்த அதே படம்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். ஏன் ஆரம்பித்தாள் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். கை பழக்கத்தில் போனது. ஆதிலட்சுமியை மேலே வைத்தாள். திவ்யாவைக் கீழே வைத்தாள். எண்ணெய் வண்ணம் திவ்யாவின் முகத்தில் படர்ந்து நின்றது. திரையில் இரண்டு பெண்கள். நான்கு கண்மணிகளிலும் ஒரே இடத்தில் ஒரே சாய்வில் ஒரே கேண்டீன் விளக்கு.

முனிரத்தினம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "பாருமா. எப்டி ஒத்துப்போவுது பாரு. அப்டியே அச்சுல வார்த்த மாரி. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

சுகிர்தா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"ஐயா, அது நான் வெச்ச கண்ணு."

"இன்னா?"

"உங்க பெரிய பொண்ணு படத்துல கண்ணே தெரியல. அதனால சின்னப் பொண்ணு கண்ணை வெட்டி வெச்சேன். இதே படத்துலேர்ந்து. திவ்யா வந்து கேட்டப்ப கடையில ஆளு இருந்தாங்க. பொய் சொல்லிட்டேன்."

அவர் நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவ போன் பண்ணாளா உனக்கு?"

"இல்லைங்க."

"பொய் சொல்லாத. அவதான் சொல்லச் சொல்லிக்கீறா. அன்னிக்கு வெக்கலன்ன, இன்னிக்கு வெச்சேன்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ?"

அன்று அவள் சொன்ன பொய்யை அவர் அப்படியே நம்பினார். இன்று சொன்ன உண்மைக்கு அவரிடம் இடமில்லை.

"வீட்டுக்கு வரேன். எல்லார் எதிர்லயும் பிரிச்சிக் காட்டறேன்" என்றாள்.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடையைப் பூட்டினாள். புருஷோத்தமனுக்குப் போன் செய்து சொன்னபோது, "தாராளமா போ. அப்டியே கடை போர்டையும் கயட்டிகினு போ, பாரமா இருந்தா ரெண்டு நடையா எடு" என்றான். வைத்துவிட்டான். முனிரத்தினத்தின் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து மாகறல் போனாள்.

வீட்டு முன்கூடத்தில் டிவிக்கு மேலே படம் இருந்தது. சட்டத்தைச் சுற்றிச் சின்ன விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. மாலை வாடவில்லை, அன்றைய மாலை. சொக்கம்மாள் சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திவ்யா அக்காவின் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளிருந்து வந்தாள். சுகிர்தாவைப் பார்த்ததும் நின்றாள். எல்லப்பன் கொல்லைப்பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இந்தம்மா இன்னாவோ சொல்லணுமாம். கேளுங்க" என்றார் முனிரத்தினம்.

"வாம்மா, வா" என்றார் சொக்கம்மாள். "நீயா எம் பொண்ண செஞ்சி குடுத்தவ? உன் கைய காட்டு, கண்ணுல ஒத்திக்கறேன்." கீரை ஒட்டிய கையால் அவள் கையைப் பிடித்து, சொன்னபடியே செய்தார். "அவளுக்கு சின்னதுலேர்ந்து ஒரு கண்ணு கொறை. வைக்கோல் குத்தி எடப்பக்க ரெப்ப எறங்கிப்போச்சி. எவன் போட்டோ எடுக்க வந்தாலும் மூஞ்சத் திருப்பிக்குவா. செத்தப்பறம்தான் ஆண்டவன் சரிபண்ணிக் குடுத்தான். அதும் யாரு கண்ணு? தங்கச்சி கண்ணு."

சுகிர்தாவுக்கு இது தெரியாது. கூட்டத்தில் யாரோ கூப்பிட்டுத் திரும்பினாள் என்றே அந்தப் படத்தைப் பார்த்தபோது நினைத்திருந்தாள்.

அவள் லேப்டாப்பை பிளாஸ்டிக் நாற்காலிமேல் வைத்துத் திறந்தாள். செய்த வேலையை அடுக்கடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று வைத்த கண்ணாடித் தாள்களைப் போலச் சேமித்து வைப்பது அவள் பழக்கம். ஒவ்வோர் அடுக்குக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் வரைந்திருக்கும். அதை அமுக்கினால் அந்த அடுக்கு மறையும்.

"அம்மா, ஆண்டவன் செய்யல. நான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அமுக்கினாள்.

திரையில் ஆதிலட்சுமியின் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே சேற்று நிறத்தில் ஓர் இழுப்பு மட்டும் இருந்தது. சொக்கம்மாள் கீரையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். திவ்யா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தினாள். சுகிர்தா அவசரமாக அந்த அடுக்கை இழுத்துக்கொண்டுபோய்க் கேண்டீன் படத்தின்மேல் வைத்தாள். கண்மேல் கண் பொருந்தி உட்கார்ந்தது.

"அன்னிக்கு திவ்யா கேட்டப்ப இல்லைன்னேன். அது பொய்."

முனிரத்தினம் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டனே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றான் எல்லப்பன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"கடையில படத்த பாத்தப்பவே தெரியும். அவ ரெப்ப எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? போட்டோவ குடுத்தவனே நான்தானே?"

"தெரிஞ்சுமா கம்முனு இருந்த மாமா?" என்றாள் திவ்யா.

"மொதல்ல, அத்த சந்தோசப்படட்டும்னு இருந்தேன். அப்பறம் கல்யாணப் பேச்சு வந்துச்சி. நீ முடியாதுன்ன. நான் கேட்டா நீ ஒத்துக்கமாட்ட. அவ கேக்கறான்னா ஒத்துப்பியோன்னு..." அவன் முடிக்கவில்லை. துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். "கொயந்த ராத்திரில எழுந்து எழுந்து குந்திக்குது. எனக்கு வேற வழி தெரியல."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா? கொயந்தைய பாத்துக்கோ திவ்யான்னு கேட்டியா? பாத்துகினு இருந்திருப்பேனே. தாலிதான் வேணுமா அதுக்கு?"

எல்லப்பன் தலையைத் தூக்காமல் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினான். "மாமா, இத்தோட வுட்ருங்க. பேனர் ஒண்ணியும் வேணாம்."

முனிரத்தினம் வெளியே போய் மொபெட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. குழந்தை இறங்கி ஓடிக் கீரையை எடுத்து விளையாடத் தொடங்கியது.

சுகிர்தா லேப்டாப்பை மூடினாள். "திவ்யா, என்னை மன்னிச்சிடும்மா."

"மன்னிச்சி?" திவ்யா இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். சிரிக்காத அந்தக் கண்களை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது கடினமாக இருந்தது. "அன்னிக்கு நான் வந்து நின்னேன் இல்ல? ஒரு ஆமாதானே கேட்டேன்? என் எடத்துல வேற பொண்ண எடுத்துட்டாங்க. இன்னிக்கு வந்து கம்ப்யூட்டர்ல படம் காட்ற."

"கம்பெனியில நான் வேணா வந்து..."

"இன்னான்னு சொல்லுவ? கண்ணு மாறிப்போச்சின்னா?"

திவ்யா குழந்தையின் கையிலிருந்து கீரையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். போனவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சொக்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தார். படத்தின் அருகே போய், ஓடிக்கொண்டிருந்த விளக்குகளுக்கு நடுவே கையை நுழைத்து, ஆதிலட்சுமியின் கண்கள் இருந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்தார். மறைத்துக்கொண்டு மீதி முகத்தைப் பார்த்தார்.

"சரி, கண்ணு அவளுது இல்ல. போவுது" என்றார். "மீதி அவளுதுதானே? மூக்கு? வாய்? இந்த மோவாய்?"

சுகிர்தா எல்லப்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டப் படத்தில் அந்த வாய் இருந்த இடத்தில் முன்னால் நின்றவரின் தோள் இருந்தது. மூக்கில் பாதிதான் ஆதிலட்சுமியுடையது. மோவாய் பட்டுப்புடவை உடம்போடு வந்தது. நெற்றி மட்டும் நிச்சயமாக ஆதிலட்சுமியுடையது, அதிலும் பொட்டு வேறொருத்தியுடையது.

"சொல்லும்மா. மீதியாச்சும் எம் பொண்ணுதானே?"

நிலைப்படியில் திவ்யா திரும்பிப் பார்த்தாள்.

"மீதியெல்லாம் அவங்கதாம்மா" என்றாள் சுகிர்தா.

சொக்கம்மாள் கையை எடுக்காமலே தலையாட்டினார். திவ்யா உள்ளே போனாள். சுகிர்தா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முனிரத்தினம் மொபெட்டின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரைக் கொண்டுவிடச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள்.